கைது செய்யும்போது போலீஸ் என் பையைச் சோதிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிமாண்டுக்கு அழைத்து வரும் நாளில் நீதிமன்ற வராண்டாவில் காத்திருக்கும் குடும்பத்தார் முதலில் கேட்பது, ஜாமீன் எப்போது கிடைக்கும் என்று. அடுத்த கேள்வி அநேகமாக இதுதான்: "சார், பையன் கழுத்துல செயின் போட்டிருந்தான், கையில போன் வெச்சிருந்தான். அதெல்லாம் இப்ப யார்கிட்ட இருக்கு?" இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான பதில் இருக்கிறது. கைதாகிறவருக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது என்பதால்தான் பொருள்கள் காணாமல் போகின்றன. வழக்கறிஞராக என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயம் முன்கூட்டியே. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஸ்டேஷனில் இன்னும் பழைய எண்ணைச் சொல்கிறவர்கள் உண்டு என்பதால் தேவையான இடத்தில் இரண்டையும் தருகிறேன்.

கைது செய்யும்போது என் சட்டைப் பை, தோள் பை, பர்ஸ் எல்லாவற்றையும் பார்க்கலாமா? வாரண்ட் வேண்டாமா?

பார்க்கலாம். அதற்குத் தனியாக வாரண்ட் தேவையில்லை. பி.என்.எஸ்.எஸ். பிரிவு 49 (பழைய 51) இந்த அதிகாரத்தைத் தருகிறது. கைது செய்த அதிகாரி அந்த ஆளைச் சோதித்து, அவரிடம் கிடைக்கும் பொருள்களில் உடுத்தியிருக்கத் தேவையான துணியை மட்டும் விட்டுவிட்டு, மற்றதைப் பத்திரமாக எடுத்து வைக்கலாம். கத்தி போன்ற ஆயுதம் இருந்தால் பிரிவு 50-இன்படி எடுத்து, நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும்.

"பத்திரமாக எடுத்து வைப்பது" என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் பர்ஸ் குற்றத்தோடு சம்பந்தப்பட்டது என்று அதற்குப் பொருளில்லை. லாக்கப்பில் இருக்கும் ஆள் தன்னையோ மற்றவரையோ காயப்படுத்திக்கொள்ளக் கூடாது, பொருளும் தொலையக் கூடாது என்பதற்காகத்தான் அது. குற்றத்தோடு தொடர்புள்ளதாகச் சந்தேகப்பட்டுப் பறிமுதல் செய்வது வேறு. அது பிரிவு 106-இல் (பழைய 102) வருகிறது. இந்த இரண்டும் வேறு வேறு என்பது பின்னால், பொருளைத் திரும்ப வாங்கும் நேரத்தில் மிகவும் முக்கியமாகும்.

ஜாமீனில் விடக்கூடிய வழக்கு என்றாலும் சோதிக்கலாமா?

பலருக்குத் தெரியாத இடம் இது. பிரிவு 49-இன் அதிகாரம் எல்லாக் கைதுக்கும் வருவதில்லை. சட்டப்படி ஜாமீனில் விட முடியாத நிலை, அல்லது ஜாமீன் உண்டு ஆனால் கைதானவரால் கொடுக்க முடியவில்லை என்ற நிலை, இந்த இரண்டில்தான் அது பேசுகிறது. ஜாமீனில் விடக்கூடிய குற்றம், ஜாமீன்தாரரும் வாசலில் தயாராக நிற்கிறார் என்றால், பர்ஸைப் பிடுங்கி வைக்க இந்தப் பிரிவைக் காட்ட முடியாது. "ஜாமீன் கொடுக்கத் தயார்" என்று அங்கேயே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எடுத்த பொருளுக்கு ரசீது தருவார்களா?

தர வேண்டும். அதே பிரிவு 49 சொல்கிறது: கைதானவரிடமிருந்து ஏதாவது எடுத்தால், எடுத்த பொருள்களைக் காட்டும் ரசீதை அவரிடம் கொடுக்க வேண்டும். இது போலீஸ்காரர் செய்யும் உபகாரம் இல்லை, சட்டம் போட்ட கடமை. பழைய சட்டத்திலும் இதே வரி இருந்தது. இருந்தும் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு.

ரசீது இருந்தால் மட்டும் போதாது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கேட்டரிங் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், சம்பளம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் வழியில் ஒரு அடிதடி வழக்கில் கைதானார். அவர் கையில் இருந்தது 11,200 ரூபாய் என்கிறார். ரசீதில் இருந்தது: "பணம் ரூ.1,200, கருப்பு நிற செல்போன் 1, மணிபர்ஸ் 1." அவ்வளவுதான். நோட்டு விவரம் இல்லை. போனின் கம்பெனி பெயர் இல்லை. இடுப்பில் கட்டியிருந்த வெள்ளி அரைஞாண் கொடி பட்டியலிலேயே இல்லை. ராத்திரி 11 மணிக்கு, பயத்தில், படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தப் பத்தாயிரம் திரும்ப வரவே இல்லை. நான் எழுதிய மனு எதுவும் அந்தக் கையெழுத்தைத் தாண்டிப் போகவில்லை. அவருடைய அம்மா அந்த ரசீதை மடித்து மடித்துக் கையில் வைத்திருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

அதனால் இப்படி எழுதச் சொல்லிக் கேளுங்கள். பணம் என்றால் 500 ரூபாய் நோட்டு எத்தனை, 100 எத்தனை என்று. போன் என்றால் கம்பெனி, மாடல், நிறம், ஐ.எம்.இ.ஐ. எண், போனில் *#06# அடித்தால் அந்த எண் திரையில் வந்துவிடும், இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண். நகையை ஸ்டேஷனில் "மஞ்சள் நிற உலோகச் செயின்" என்று எழுதுவார்கள். தங்கமா என்று அவர்களால் உறுதி சொல்ல முடியாது என்பதால் அப்படி, அதில் தவறில்லை. ஆனால் கூடவே டிசைன், டாலர், தோராய எடை எழுதச் சொல்லுங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே "வெள்ளிக் கொடி ஒன்று சேர்க்கப்படவில்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ரசீது தர மாட்டேன் என்றால்?

ஸ்டேஷனில் சண்டை போட வேண்டாம். கைதான 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அரசமைப்பின் 22-ஆம் பிரிவும் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 58-உம் இதைச் சொல்கின்றன. மாஜிஸ்திரேட் "ஏதாவது சொல்ல வேண்டுமா? அடித்தார்களா?" என்று கேட்கும் அந்த அரை நிமிடம்தான் உங்களுடையது. "இன்னின்ன பொருளை எடுத்தார்கள், ரசீது தரவில்லை" என்று சொல்லுங்கள். ரிமாண்ட் உத்தரவில் அது பதிவாகிவிட்டால் பிறகு யாராலும் மாற்ற முடியாது.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையா? காவலில் இருக்கும் எவருக்கும் வருமானத்தைப் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு; 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வீட்டார் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இன்னொன்று: காவல் நிலையங்களில் கேமரா வைக்க வேண்டும், பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. தகராறு வரும்போல் தெரிந்தால், அந்த நேரத்துக் கேமரா பதிவைப் பாதுகாக்கச் சொல்லி முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள். தள்ளிப்போட்டால் பதிவு அழிந்துவிட்டது என்ற பதில்தான் வரும்.

சோதனையின்போது சாட்சி இருக்க வேண்டுமா? வீடியோ எடுக்க வேண்டாமா?

வீடு, கடை போன்ற இடத்தைச் சோதிப்பது என்றால் பிரிவு 103 (பழைய 100) அந்தப் பகுதியைச் சேர்ந்த, வழக்கோடு சம்பந்தமில்லாத இரண்டு பேரையாவது சாட்சியாக அழைக்கச் சொல்கிறது. நம் ஊரில் நடைமுறையில் பெரும்பாலும் வி.ஏ.ஓ.-வும் அவருடைய உதவியாளரும்தான் வந்து மகஜரில், அதாவது கைப்பற்றிய பொருள்களை எழுதும் பதிவில், கையெழுத்துப் போடுகிறார்கள். ஆளின் உடம்பைச் சோதிக்கும் பிரிவு 49-இல் சாட்சி பற்றிய வரி இல்லை.

வீடியோ என்பது புதுச் சட்டம் கொண்டு வந்த நல்ல மாற்றம். பிரிவு 105-இன்படி ஓர் இடத்தைச் சோதிப்பதையும், பொருளைக் கைப்பற்றுவதையும், பட்டியல் எழுதி சாட்சிகள் கையெழுத்திடுவதையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். செல்போனிலேயே எடுக்கலாம். அதைத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 105 தன் அத்தியாயத்துக்கும், வாரண்ட் இல்லாமல் இடத்தைச் சோதிக்கும் பிரிவு 185-க்கும் மட்டுமே பேசுகிறது. கைதுப் பிரிவான 49 வேறு அத்தியாயத்தில் இருக்கிறது. எனவே பர்ஸைப் பத்திரப்படுத்துவதற்கு வீடியோ கட்டாயம் என்று நேராகச் சொல்ல முடியாது. அதே பையிலிருந்து ஒரு பொருளை வழக்குக்காகப் பிரிவு 106-இல் கைப்பற்றினால், அப்போது வீடியோ கட்டாயம். குற்றப்பத்திரிகை நகல் வாங்கும்போது "வீடியோ எங்கே?" என்று கேட்க உங்கள் வழக்கறிஞருக்கு நினைவூட்டுங்கள்.

பெண்ணை யார் சோதிக்கலாம்?

இன்னொரு பெண் மட்டும்தான், கண்ணியம் கெடாமல். பிரிவு 49-இலேயே இது இருக்கிறது. பெண் போலீஸ் இல்லை என்பது ஆண் சோதிப்பதற்குக் காரணம் ஆகாது. வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

தாலி, கண்ணாடி, மாத்திரை இவற்றையும் எடுத்துவிடுவார்களா?

சட்டம் விலக்கு அளிப்பது உடுப்புக்கு மட்டும்தான். தாலியைப் பற்றி இந்தப் பிரிவில் தனி வரி கிடையாது. கழற்றித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. "எடுத்து வைக்கலாம்" என்றுதான் இருக்கிறது, "எடுத்தே ஆக வேண்டும்" என்று இல்லை. தாலியைக் கழற்றச் சொல்வது நம் பெண்களுக்கு என்ன வலி என்று நீதிமன்றங்களுக்கும் தெரியும். சென்னை விமான நிலையத்தில் இலங்கையிலிருந்து வந்த புதுமணப் பெண்ணின் தாலிச் செயினைச் சுங்க அதிகாரிகள் எடுத்துக்கொண்ட வழக்கில், 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் செயலைக் கண்டித்து, திருப்பித் தரச் சொன்னது. அது சுங்கச் சட்ட வழக்கு, கைது வழக்கு இல்லை. என்றாலும் எடுத்துச் சொல்லலாம். முடிந்தால், நகையை அங்கேயே வீட்டாரிடம் ஒப்படைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். பல ஸ்டேஷன்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுகிறார்கள்.

கண்ணாடி, மாத்திரை விஷயத்தில் தயங்க வேண்டாம். சர்க்கரை, வலிப்பு, இதயக் கோளாறு எது இருந்தாலும் கைதானவுடன் சொல்லுங்கள். பிரிவு 53-இன்படி கைதானவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். அந்த மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மாத்திரையை யாரும் தடுக்க முடியாது.

கஞ்சா வழக்கில் "கெஜட்டட் அதிகாரி முன்னால்தான் சோதிக்க வேண்டும்" என்கிறார்களே, என் பைக்கும் அது பொருந்துமா?

நிறையப் பேர் ஏமாந்துபோகிற கேள்வி இது. போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்தின் பிரிவு 50 ஓர் உரிமை தருகிறது. சோதிக்கப்படும் ஆள் விரும்பினால் கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் தன்னைச் சோதிக்க வேண்டும் என்று கேட்கலாம். அந்த உரிமை இருக்கிறது என்பதை அதிகாரியே அவரிடம் சொல்ல வேண்டும். 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இதை மீறிக் கண்டெடுத்த போதைப்பொருளை வைத்துத் தண்டிக்க முடியாது என்றது. 2010-இல் விஜய்சிங் ஜடேஜா வழக்கில் இன்னொரு ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஏதோ சொன்னோம் என்று ஒப்பேற்றுவது போதாது, உரிமையை முறையாகத் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது.

இவ்வளவும் "ஆள்" என்ற சொல்லுக்குத்தான். பை ஆளா? இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் பவன் குமார் வழக்கில் சொன்னது. 2023-இல் ரஞ்சன் குமார் சத்தா வழக்கிலும் அதையே உறுதி செய்தது. பை, பெட்டி, சாக்கு எதுவும் மனித உடம்பின் பகுதி இல்லை; கையில் பிடித்திருந்தாலும், தோளில் மாட்டியிருந்தாலும் அப்படித்தான். ஆக, சட்டைப் பையிலோ இடுப்பிலோ பொட்டலம் இருந்தால் பிரிவு 50 உண்டு. அதே பொட்டலம் தோளில் தொங்கும் பையில் இருந்தால் கிடையாது. பேருந்து நிலையத்தில் ஒரே ஆளிடம், ஒரு சாண் இடைவெளியில், இரண்டு சட்டம். எனக்கு இது சரியாகப் படவில்லை. தோளில் மாட்டிய பையை ஆளிடமிருந்து பிரித்துப் பார்ப்பது செயற்கையானது என்றே நினைக்கிறேன். ஆனால் இன்றைய சட்டம் அதுதான். "பிரிவு 50 நோட்டீஸ் கொடுக்கவில்லை, வழக்கு நிற்காது" என்று யாராவது உறுதி கொடுத்தால், பொருள் எங்கிருந்து எடுத்ததாக மகஜரில் எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

போனை எடுத்துக்கொண்டார்கள். உள்ளே திறந்து பார்க்கலாமா? பாஸ்வேர்டு சொல்ல வேண்டுமா?

போன் என்ற பொருளை எடுத்து வைக்க அதிகாரம் உண்டு. அதற்குள் இருக்கும் பத்து வருட வாழ்க்கையைப் புரட்டிப் பார்ப்பது வேறு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். ஆனால் கைதானவரின் போனை எப்போது, எந்த அளவுக்குத் திறக்கலாம் என்று தெளிவாகச் சொல்லும் தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. 2023 நவம்பரில் பத்திரிகையாளர்களின் கருவிகளைப் பறிமுதல் செய்வது பற்றிய வழக்கில், இதற்கு வழிகாட்டு நெறிமுறை தேவை என்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது.

பாஸ்வேர்டு விஷயத்தில் நீதிமன்றங்களே ஒரே குரலில் பேசவில்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசமைப்பின் பிரிவு 20(3). 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம், பாஸ்வேர்டு கொடுப்பது சாட்சி சொல்வதாகாது என்றது; கூடவே, போனைச் சோதிக்க நீதிமன்ற வாரண்ட் வாங்க வேண்டும் என்ற வகையில் நெறிமுறைகளையும் சொன்னது. 2022-இல் டெல்லி சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் ஒன்று, பாஸ்வேர்டு கேட்டுக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. ஆகவே என் யோசனை இது: "வழக்கறிஞரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை பிரிவு 38-இல் இருக்கிறது. அடித்து வாங்குவதை எந்தத் தீர்ப்பும் அனுமதிக்கவில்லை.

போனை அணைத்து, உறையில் போட்டு, சீல் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். உள்ளே உள்ள தகவலை நகலெடுத்தால் ஹாஷ் மதிப்பு என்று ஒரு நீண்ட எண் வரும். தகவலில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழில் அந்த மதிப்பைக் குறிப்பிட வேண்டும் என்று புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதினியம் சொல்கிறது. பிறகு யாராவது உள்ளே எதையாவது சேர்த்தார்கள் என்ற சந்தேகம் வந்தால் இதுதான் பிடி.

என்னை டீக்கடையில் கைது செய்தார்கள். உடனே என் வீட்டையும் சோதிக்கலாமா?

கைது செய்ததை மட்டும் காரணமாகக் காட்டி முடியாது. பிரிவு 49 உங்களோடு நிற்கிறது, வீட்டுக்கு வராது. வீட்டுக்கு வாரண்ட் வேண்டும், அல்லது பிரிவு 185 (பழைய 165) வழியில் வர வேண்டும்: வாரண்ட் வாங்க நேரமில்லை, இன்ன பொருள் அங்கே இருக்கிறது என்று நம்பக் காரணம் உண்டு என்று அதிகாரி முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அந்தக் குறிப்பு 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் கேட்டால் அதன் நகல் இலவசம். சோதனையின்போது வீட்டார் கூடவே இருக்கலாம், அறை அறையாகப் பின்தொடரலாம். இருங்கள்.

கைதே செய்யவில்லை, வண்டியை நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்கிறார்கள்?

கைதை ஒட்டிய அதிகாரம் அங்கே கிடையாது. மதுவிலக்கு, போதைப்பொருள் போன்ற தனிச் சட்டங்களில் சந்தேகத்தின் பேரில் சோதிக்கும் அதிகாரம் உண்டு. பெரும்பாலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எந்தச் சட்டத்தில் என்று கேட்பது உங்கள் உரிமை. அமைதியாகக் கேளுங்கள்.

சட்டத்தை மீறிச் சோதித்தால், கிடைத்த பொருள் செல்லாது அல்லவா?

அப்படி நினைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். 1973-இல் பூரண் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம், சோதனை முறை தவறியது என்பதற்காக மட்டும் கிடைத்த சாட்சியத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, வழக்குக்குச் சம்பந்தமுள்ளதா என்றுதான் பார்க்க வேண்டும் என்றது. மேலே சொன்ன என்.டி.பி.எஸ். பிரிவு 50 போன்றவை விதிவிலக்கு. மற்ற வழக்குகளில் முறைகேடு என்ன செய்யும் என்றால், மகஜரை நம்பலாமா என்ற சந்தேகத்தைக் கிளப்பும். சாட்சி வரவில்லை, வீடியோ இல்லை, ரசீதில் ஒரு நேரம், கைதுக் குறிப்பில் வேறு நேரம் என்று ஒவ்வொன்றாகச் சேரும்போதுதான் அது குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகும். அதனால்தான் காகிதத்தை விடாமல் கேட்கச் சொல்கிறேன்.

அவர்களே பையில் எதையாவது வைத்துவிட்டால்?

முதல் வாய்ப்பிலேயே மறுக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ரிமாண்டின்போதே மாஜிஸ்திரேட்டிடம் "அந்தப் பொருள் என்னுடையது இல்லை" என்று சொல்லுங்கள். வீட்டார் அன்றைக்கே கைது நடந்த இடத்துக்குப் போய், எதிரே இருக்கும் மளிகைக்கடை, ஏ.டி.எம்., பெட்ரோல் பங்கு கேமராக்களைக் குறித்து வைத்து, பதிவைப் பாதுகாக்கக் கோரிக் கடிதம் கொடுக்க வேண்டும். கடைகளில் பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகிக்கொண்டு போகும் என்பதால் நாள் கணக்குதான்.

பையைக் கொடுக்க மாட்டேன் என்று தடுக்கலாமா?

வேண்டாம். கையைத் தட்டிவிட்டால்கூட அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக இன்னொரு வழக்கு சேரும். "எனக்கு இதில் சம்மதம் இல்லை" என்று வாயால் சொல்லுங்கள், கையால் தடுக்காதீர்கள்.

பொருளைத் திரும்ப எப்படி வாங்குவது?

பத்திரமாக எடுத்து வைத்த சொந்தப் பொருள் என்றால், ஜாமீனில் வந்ததும் ரசீதைக் காட்டி ஸ்டேஷன் ரைட்டரிடம் வாங்கிக்கொள்ளலாம். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. வழக்குச் சொத்தாகிவிட்டது என்றால் நீதிமன்றம் வழியாகத்தான். பி.என்.எஸ்.எஸ். பிரிவு 497 அல்லது 503-இல் (பழைய 451, 457) மனு போட வேண்டும். வண்டிக்கு ஆர்.சி., போனுக்கு பில், நகைக்கு ரசீது அல்லது அணிந்திருக்கும் புகைப்படம் வேண்டும். நீதிமன்றம் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையோடு இடைக்காலமாகக் கொடுக்கும்.

வண்டிகளை ஸ்டேஷன் வாசலில் வருஷக்கணக்கில் துருப்பிடிக்க விடக் கூடாது, புகைப்படம் எடுத்துவிட்டு 15 நாள் முதல் ஒரு மாதத்துக்குள் விடுவிக்க வேண்டும் என்று 2002-இல் சுந்தர்பாய் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய சட்டம் இதற்கு நாள் கணக்கே போட்டுவிட்டது: சொத்து நீதிமன்றத்துக்கு வந்த 14 நாளில் விவரப் பட்டியல், புகைப்படம் அல்லது வீடியோ, அதிலிருந்து 30 நாளில் அதை என்ன செய்வது என்ற உத்தரவு. மனுவில் இந்த நாள்களைக் குறிப்பிட்டே எழுதச் சொல்லுங்கள்.

ரசீது தொலைந்துவிட்டது. இனி என்ன செய்வது?

வழக்குச் சொத்து தமிழ்நாட்டில் படிவம் 95-உடன் நீதிமன்றத்துக்குப் போகும். என்ன பொருள், எத்தனை என்று அதில் இருக்கும். நீதிமன்ற அலுவலகத்தில் நகல் மனு போட்டு அதன் சான்றளித்த நகலை வாங்குங்கள். மகஜர் நகலும் குற்றப்பத்திரிகையோடு கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு பொருள் ஒன்றில் இருந்து மற்றதில் இல்லையா என்று வரி வரியாகப் பாருங்கள். ஒரு வழக்கில் இரண்டு செல்போன் ஒன்றாகிப் போயிருந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தோம். மனு போட்ட மறுவாரம் இரண்டாவது போன் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தது.